பயப்படாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்

உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் ஊரே சொல்கிற வார்த்தைகள் இரண்டு: பயப்படாதே, கீழே பார்க்காதே. சின்ன வயதிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டாலும் எனக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்ததில்லை. ராமநகரம் பக்கத்தில் மரத்துக்கு மரம் கம்பிக் கயிறு கட்டி அதன்மேல் நடக்க விடுகிற ஒரு தோப்புக்கு நண்பர்களோடு போய் வந்தேன். பயந்து நிற்கிறவளுக்கு உண்மையில் எது உதவும் என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. என்னைப் போன்றவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற நண்பர்களுக்காகவும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகலாம்.

பெங்களூரில் இருந்துகொண்டு உயரத்துக்குப் பயப்படுவது கஷ்டமான காரியம். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் எத்தனையாவது மாடி என்றுதான் முதலில் கேட்பேன். எல்லோரும் பதினோராவது மாடி பால்கனியில் காபி டம்ளரோடு நின்றுகொண்டு ஏரி தெரியுது பார் என்பார்கள், நான் ஹாலில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அல்சூரில் வீடு, மெட்ரோ நிலையம் நடக்கிற தூரம்தான், ஆனால் மேலே ஏறும்போது தெரு தெரிகிற பக்கம் திரும்பவே மாட்டேன். உள்ளங்கை வேர்த்துவிடும், தொடை நடுங்கும், எல்லாவற்றையும் விட மயக்கம் போட்டு அப்படியே விழுந்துவிடுவோமோ என்கிற எண்ணம்தான் என்னை வாட்டும்.

இந்த மயக்கத்தைப் பற்றி ஒரு மருத்துவரிடம் கேட்டேன், அவர் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. பயத்தில் பொதுவாக இதயம் வேகமாக அடித்து ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வருவதோ அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குத்தான் அப்படி இறங்கி மயங்கி விழுவது அதிகம். உயரத்தில் நிற்கும்போது தலை கிறுகிறுப்பதும் மயக்கமும் ஒன்றில்லை. இதை யாராவது பத்து வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

கிறுகிறுப்புக்கும் காரணம் இருக்கிறது. நாம் சும்மா நிற்கும்போதுகூட உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். எதிரே இருக்கும் சுவரோ மேசையோ கண்ணில் கொஞ்சம் நகர்வதை வைத்து மூளை அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறது. உயரத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் தூரத்துப் பொருள்கள், அவை நகர்ந்தது தெரிவதற்குள் உடம்பு கூடுதலாகச் சாய்ந்துவிடும். கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் பாதமும் வேறு சொல்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட்டும் அவருடைய சகாக்களும் 1980-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள். பிராண்ட் பங்கெடுத்து 2013-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 28 சதவீதம் பேர் வாழ்க்கையில் எப்போதாவது உயரத்தில் இந்தத் தொந்தரவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். அதாவது நான்கு பேர் மொட்டை மாடியில் நின்றால் ஒருவர் வாயைத் திறக்காமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஆபீஸில் கூட வேலை செய்கிற ஓசூர்க்காரன்தான் ஏற்பாடு செய்தான். கல்லூரியில் கூடப் படித்த திருப்பத்தூர்க்காரி வந்தாள். எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் இருக்கும் அக்காவும் வந்தார், நான் போக ஒப்புக்கொண்டதே அவர் வருகிறார் என்பதால்தான். அக்கா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். மைசூர் சாலையில் பிடதியில் வண்டியை நிறுத்தித் தட்டு இட்லி சாப்பிட்டோம், எனக்கு ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அதன் பிறகு ராமநகரம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் அந்தப் பெரிய பெரிய மொட்டைப் பாறைக் குன்றுகள் வர ஆரம்பித்தன. வழக்கமாக அவற்றைப் பார்த்தால் மனசு லேசாகும், அன்றைக்கு எல்லாமே உயரமாக மட்டும்தான் தெரிந்தன.

தோப்பில் பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரங்கள், நல்ல பருமனான அடிமரம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி இரண்டு மாடி உயரத்தில் ஒரு பலகை மேடை. அந்த மேடை நிற்கிற விதத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கயிறு மரப்பட்டையைத் தொடவே இல்லை, நடுவில் மரக்கட்டைகளை வரிசையாக வைத்து அதன்மேல்தான் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். நேராகச் சுற்றி இறுக்கினால் மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து மரம் செத்துப்போகுமாம். மரத்தின் மேல் இவ்வளவு அக்கறை இருக்கிற இடத்தில் மனுஷி மேலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி கொடுத்தவர் உள்ளூர்ப் பையன், கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். இடுப்பையும் இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற ஹார்னஸ், தலையில் ஹெல்மெட், ஹார்னஸிலிருந்து இரண்டு கயிறு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காரபினர் கொக்கி. ஒரு மரத்தைக் கடந்து அடுத்த கம்பிக்கு மாறும்போது முதலில் ஒரு கொக்கியை மட்டும் கழற்றி மாட்ட வேண்டும், அது மாட்டிய பிறகுதான் இன்னொன்றில் கை வைக்கலாம், எந்த நொடியிலும் ஒன்றாவது கம்பியில் இருக்க வேண்டும். கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன், அதன் உடம்பிலேயே 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. கணக்குப் போட்டால் 2 டன்னுக்கும் மேலான எடையைத் தாங்கும். என் எடை அதில் எங்கே! ஆனால் ஒன்று, அறிவுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு தொடைக்குப் போய்ச் சேரவில்லை. தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அது போய்ச் சேர்ந்த இடம் எதுவென்றால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கட்டியிருந்த ஒரு பழகு கம்பி. அந்தப் பையன் என்னைக் கொக்கி மாட்டச் சொல்லி, காலைத் தூக்கி அப்படியே உட்காரச் சொன்னார். கம்பியைக் கையால் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னார். உட்கார்ந்தேன், தாங்கியது, திரும்பத் திரும்ப உட்கார்ந்தேன். பயந்தவர்கள் எல்லோரும் கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போவார்கள், பாதி வழியில் முன்கை சோர்ந்து அதனாலேயே இன்னும் பயம் வரும், தாங்குவது கை இல்லை என்று உடம்புக்கு முதலிலேயே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்றார். எனக்கு நடந்ததும் அதுதான். இப்படி ஒரு இடத்துக்குப் போனால் இந்தப் பழகு கம்பியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், பின்னால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி.

முதல் மேடை வரை ஏணி. அது எப்படியோ ஏறிவிட்டேன். அடுத்தது தனித்தனியாகத் தொங்குகிற பலகைகள், கால் வைத்தால் ஒவ்வொன்றும் தனியாக ஆடும். நாலைந்து பலகை தாண்டியதும் நின்றுவிட்டேன். முன்னால் போக முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதுகூடத் தெரியவில்லை. கீழேயிருந்து ஓசூர்க்காரனும் மற்றவர்களும் பாசத்தோடுதான் கத்தினார்கள், "உன்னால முடியும்", "பயப்படாத", "சூப்பர் சூப்பர்" என்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுக்கம் கூடியது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற பாரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அக்கா எனக்கு முன்னால் போய் எதிர் மேடையில் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. கையைக் காட்டிக் கீழே இருந்தவர்களை அமைதியாக்கிவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற அதே குரலில் சொன்னார்: "கண்ணு, உன் கொக்கி மாட்டியிருக்கற கம்பியப் பாரு. அது இந்த மரத்துல எங்க வந்து கட்டியிருக்குன்னு பாரு." பார்த்தேன். "இப்ப மூச்ச விடு." விட்டேன். பின்னாலிருந்து அந்தப் பையன், "பலகாலு முந்தே இடி மேடம்" என்றார், வலது காலை முன்னால் வை என்று. வைத்தேன். பலகை ஆடியது. அடுத்து இடது கால். அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசியது, எந்தக் கால், எந்தக் கை, எந்தக் கம்பி. அதைத் தவிர எந்த அறிவுரையும் இல்லை. எதிர் மரத்தின் பட்டையில் ஓடிக்கொண்டிருந்த எறும்பு வரிசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நெருங்கியபோது கிறுகிறுப்பு நின்றிருந்தது. பிராண்ட் சொன்ன கணக்கும் இதுதானே, பக்கத்தில் அசையாத ஒரு பொருள் கண்ணுக்கு வேண்டும். கீழே பார்க்காதே என்பதில் தப்பில்லை, ஆனால் வேறு எதைப் பார்ப்பது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேடையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் என்கிற தங்கச் சுரங்கத்தில் வேலை, 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போன சுரங்கம் அது, 2001-ல் மூடினார்கள். ஷிஃப்ட்டுக்குப் போகும்போது இரும்புக் கூண்டில் ஏற்றி ஒரு கம்பிக் கயிற்றில்தான் பூமிக்குள் இறக்குவார்களாம். "அப்பாவுக்குப் பயமே இல்லன்னு நான் நெனச்சிருந்தேன். ஒருநாள் கேட்டேன். தெனமும் பயம்தாம்மா, ஆனா கயித்த யாரு பாத்துக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்ன்னாரு." நான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு என் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. தருமபுரியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வடகம் காயப்போட அம்மா ஏறும்போது நானும் பின்னாலேயே ஏறுவேன், நான் ஓரத்துப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் அம்மாவின் முகம் வெளிறிப்போகும். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், சுவர் இல்லாத மாடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எப்படி இருக்க முடியும். ஆனால் குழந்தைகள் அந்த முகத்தைத்தான் படிக்கிறார்கள். உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது: ஒரு மேசையில் பாதிக்குக் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட விரிப்பு, மீதிப் பாதிக்கு அதே கண்ணாடி, ஆனால் விரிப்பு ஆழத்தில். தவழுகிற குழந்தைகளை அம்மா மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டும் பெரும்பாலானவை ஆழமாகத் தெரிகிற பக்கம் வரவில்லை. 1985-ல் வேறு ஆய்வாளர்கள் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். அம்மா பேசாமல் சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன, பயந்த முகத்தைக் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட வரவில்லை. எதிர் மேடையில் அக்கா எப்படி நின்றாரோ, அதைத்தான் இந்த எண்கள் எனக்குச் சொல்கின்றன. அவர் முகத்தில் பதற்றமும் இல்லை, உற்சாகப்படுத்துகிற பரபரப்பும் இல்லை.

மீதிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பர்மா பாலம் என்கிற கயிற்றுப் பாலம், வலை, டயர் எல்லாம் கடந்தேன், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நடுங்கினேன், நடுக்கம் கொஞ்சம் சீக்கிரம் அடங்கியது. கடைசியில் ஜிப் லைன், அதாவது சாய்வாகக் கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது, மேடையின் விளிம்பில் ஹார்னஸில் உட்கார்ந்து காலை எடுத்துவிட வேண்டும். பழகு கம்பியில் உட்கார்ந்த அதே உட்காருதல்தான், உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன், தோப்பும் அதற்கு அப்பால் பாறைக் குன்றுகளும் வேகமாக வந்தன, வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. திருப்பத்தூர்க்காரி முதல் ஏணியிலேயே வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, வற்புறுத்தவும் இல்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. இறங்குகிற உரிமை இருந்தால்தான் ஏறவே மனசு வரும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். கம்பிகளையும் மரங்களையும் யார், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் ஏறாதீர்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். வழுக்கித் தொங்க நேர்ந்தால் காலை அசைத்துக்கொண்டே இருங்கள், ஹார்னஸில் அசையாமல் நெடுநேரம் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி ஆபத்தாகலாம், உடனே கூப்பிடுங்கள். இடி மின்னல் தெரிந்தால் பாதியில் இறக்கிவிடுவார்கள், பணம் போனாலும் பரவாயில்லை. அப்புறம், பால்கனிக்குப் போகவே முடியவில்லை, வேலையும் வீடும் அதனால் பாதிக்கப்படுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். பயப்படுகிற இடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்குகிற சிகிச்சை முறைக்கு நல்ல பலன் இருக்கிறது. ஒரே நாளில் மரத்தில் ஏற்றி யாரையும் குணப்படுத்த முடியாது. எனக்கும் குணமாகிவிடவில்லை. மெட்ரோவில் இப்போது தெருப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், பால்கனியில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஓசூர்க்காரன் அடுத்து நந்தி மலைக்குப் போகலாம் என்கிறான். அங்கே திப்பு டிராப் என்று செங்குத்தான பள்ளம் இருக்கிறது, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவும் வர வேண்டும், யாரும் கத்தக் கூடாது, வேலிக்கு எவ்வளவு பக்கத்தில் போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று மூன்று நிபந்தனை போட்டேன். மூன்றுக்கும் சரி என்றான்.