நுனாவுட்டில் ஆய்வு அனுமதி: எனக்கு எங்கெங்கே இடித்தது

போன வாரம்தான் பாஃபின் தீவிலிருந்து திரும்பினேன். கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட் பிரதேசத்தில் இன்யூட் பூர்வகுடிப் பெண்கள் தையலை ஒரு தொழிலாக நடத்துவதைப் பற்றியது என் பிஎச்டி ஆய்வு. முடிவுகளை அந்த ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நேர்காணல்களுக்கு ஆனது மொத்தம் 19 நாள். அதற்கு அனுமதி வாங்க ஆனது 16 மாதம். வடக்கே ஆய்வுக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நுனாவுட்டில் ஆய்வு செய்ய அங்குள்ள நுனாவுட் ஆய்வு நிறுவனத்தின் லைசென்ஸ் வேண்டும். அது சட்டம். விண்ணப்பத்தோடு இன்யூட் மக்களின் இனுக்டிட்டுட் மொழியில் ஒரு சுருக்கமும் வைக்க வேண்டும். எல்லோரும் இதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அது ஒழுங்காக வந்தது.

நான் மாட்டிக்கொண்டது என் சொந்தப் பல்கலைக்கழகத்தில். கனடாவின் பல்கலைக்கழகங்களில் மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கெல்லாம் டிசிபிஎஸ் 2 என்ற நெறிமுறைதான் அடிப்படை. பூர்வகுடி மக்களிடம் ஆய்வுக்குப் போகிறவர் முதலில் அந்தச் சமூகத்தோடு பேசி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும் என்கிறது அதன் 9ஆம் அத்தியாயம். சரியான விதி. ஆனால் ஆய்வுக்கு அனுமதி தரும் எங்கள் எத்திக்ஸ் அலுவலகத்தில் இருந்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? ஊரிலிருந்து ஆதரவுக் கடிதம் வந்தால்தான் அனுமதி; அனுமதி வரும்வரை ஊரில் யாரோடும் பேசக்கூடாது. பேசாமல் கடிதம் எப்படி வரும் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே படிவத்தைத் திருப்பி அனுப்பினார். ஊர் நிர்வாகமான ஹாம்லெட் அலுவலகத்திலோ, 'முதலில் வந்து உன் முகத்தைக் காட்டு, அப்புறம் பேசலாம்' என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. தெற்கிலிருந்து வந்து, கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு போய், திரும்பியே பார்க்காத ஆய்வாளர்களைப் பல தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

இப்படியே நான்கு மாதம் போனது. வழி அந்த நெறிமுறைக்குள்ளேயே இருந்தது. ஆய்வைத் திட்டமிடுவதற்காகவும் உறவு ஏற்படுத்திக்கொள்வதற்காகவும் முதலில் போய்ப் பேசுவதற்கு எத்திக்ஸ் அனுமதி தேவையில்லை என்று 6.11ஆம் விதியில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகுதான் வாசல் திறந்தது. நீங்கள் முதல் நாளே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

சரி, போகலாம் என்றானதும் அடுத்த அடி. பல்கலைக்கழக விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் டிக்கெட் போட்டேன். நுனாவுட்டில் இருப்பது 25 ஊர்கள். எந்த ஊரிலிருந்தும் இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஒட்டாவாவிலிருந்து நுனாவுட்டின் தலைநகர் இக்கலூயிட், அங்கிருந்து சின்ன விமானம். டிக்கெட் விலை, சென்னைக்குப் போய்வருவதைவிட அதிகம். இறங்கிப் பார்த்தால் பாதி ஊர் காலி. வசந்தம் வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகப் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் கிளம்பி, கூடாரம் போட்டு, மீன் பிடிக்கவும் வாத்து வேட்டைக்கும் போய்விடுவார்கள். வருடத்திலேயே நல்ல காலம் அது. பார்க்க வரச் சொன்னவரும் கூடாரத்தில். நான்கு நாள் இருந்தேன், மூடுபனியில் விமானம் வராமல் இன்னும் இரண்டு நாள். பார்த்தது ஐந்தே பேரை. ஆகவே பயணத் தேதியை உங்கள் காலண்டரைப் பார்த்துப் போடாதீர்கள், ஊரைக் கேட்டுப் போடுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் ஹாம்லெட் கவுன்சிலில் இருந்ததால் கடிதம் கிடைத்தது. அதை வைத்து அக்டோபரில் எத்திக்ஸ் அனுமதி, டிசம்பரில் லைசென்ஸ்.

பிப்ரவரியில் மறுபடி போனேன். நேர்காணலுக்கு அழைக்கும் நோட்டீஸைத் தெற்கில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இனுக்டிட்டுட்டில் ஆக்கி, கூட்டுறவுக் கடை வாசலில் ஒட்டியிருந்தேன். இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் கடையில் டீத்தூள் எடுத்துக்கொண்டிருந்தபோது, வயதான ஓர் அம்மா பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "ஏன் கடை வைத்திருப்பவர்களை மட்டும் கூப்பிடுகிறாய்? எங்களிடம் கடை இல்லையே." தொழில்முனைவோர் என்பதற்கு நோட்டீஸில் இருந்தது கடைக்காரர் என்று பொருள்படும் சொல்லாம். பார்க்கா என்ற குளிர் அங்கியும் கமிக் என்ற தோல் காலணியும் தைத்து ஃபேஸ்புக்கில் விற்கிற பெண்கள் அது தங்களுக்கு இல்லை என்று கடந்து போயிருக்கிறார்கள். அன்று மாலையே அந்த அம்மா ஊர் வானொலிக்குப் பேசி, 'தைத்து விற்கிறவர்கள் வாருங்கள், டீ உண்டு' என்று அறிவிக்கச் செய்தார். மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். மொழிபெயர்ப்பை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டாமல் எதையும் ஒட்டாதீர்கள்.

என் கேள்வித்தாளில் முதலீடு, லாபம், விரிவாக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள் வைத்திருந்தேன். முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன். ஒரு பார்க்கா விற்ற காசு ஸ்னோமொபைலுக்குப் பெட்ரோலாகவும் துப்பாக்கிக்குத் தோட்டாவாகவும் போகிறது. கணவரோ மகனோ சீல் என்ற கடல்நாயை வேட்டையாடிக் கொண்டு வருகிறார். இறைச்சி நாலு வீட்டுக்குப் போகிறது, தோல் மறுபடி இவர் கைக்கு வருகிறது. இதில் எது தொழில், எது குடும்பம் என்று நான் கோடு போட முடியாது. கூட்டாகச் சம்பாதிப்பதும் இங்கே புதிதில்லை. இதே தீவின் தென்முனையை ஒட்டிய கிங்காய்ட் ஊரில் சிற்பமும் அச்சோவியமும் செய்கிறவர்களின் கூட்டுறவு 1959இலேயே தொடங்கிவிட்டது. சீல் தோல் விலை விழுந்ததைப் பற்றிப் பெரியவர்கள் எல்லோரும் பேசினார்கள். 1983இல் ஐரோப்பா குட்டி சீல் தோலுக்குத் தடை போட்டது, 2009இல் சீல் பொருட்கள் எல்லாவற்றுக்கும். இன்யூட் மக்களுக்கு விலக்கு இருந்தும் வாங்க ஆளில்லாமல் போனது. அப்படியும் அவர்கள் தையலை விடாமல் பிடித்துக்கொண்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அந்த அம்மா கமிக் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊசி தோலை முழுக்கத் துளைப்பதில்லை. தோலின் பாதிக் கனத்துக்குள் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வருகிறது. துளை மறுபக்கம் போகாததால் தண்ணீர் உள்ளே வராது. என் கையில் கொடுத்துத் தைக்கச் சொன்னார். மூன்று தையலில் இரண்டு மறுபக்கம் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் பிரித்துவிட்டு மறுபடி கொடுத்தார்.

சன்மானம் கொடுப்பதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒவ்வொருவரிடமும் சமூகக் காப்புறுதி எண் வாங்கி அனுப்பினால் ஆறு வாரத்தில் காசோலை வரும் என்றது எங்கள் கணக்குப் பிரிவு. நுனாவுட்டில் பெரும்பாலான ஊர்களில் வங்கிக் கிளையே கிடையாது. காசோலையை வைத்து அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கு அவர்கள் கொடுத்த நேரத்துக்கு அன்றைக்கே காசு தருவதுதான் மரியாதை. என் சொந்தப் பணத்தைக் கொடுத்தேன். திரும்பக் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. சன்மானம் ரொக்கமாக, ரசீதில் பெயருக்குப் பதில் எண் என்று எத்திக்ஸ் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் அந்த வரி இருந்தால் கணக்குப் பிரிவு மறுப்பது கடினம்.

கடைசியாக, பெயர். ஒப்புதல் படிவத்தில் 'உங்கள் பெயர் வெளியிடப்படாது' என்று வாக்குறுதி போல எழுதியிருந்தேன். அந்த அம்மா படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "இது என் வேலை. என் பெயர் ஏன் இருக்கக்கூடாது?" பெயர் வேண்டும் என்கிறவர் பெயரைப் போடலாம், நெறிமுறை அதைத் தடுக்கவில்லை, நான்தான் அந்தக் கட்டத்தைப் படிவத்தில் வைக்கவில்லை. திருத்தத்துக்கு விண்ணப்பித்து, அது வர மூன்று வாரம் ஆனது. பெயர் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டமும் முதலிலேயே வையுங்கள்.

போன வாரம் அறிக்கையைக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் இனுக்டிட்டுட். அவர்கள் எழுத்தும் நம் உயிர்மெய் மாதிரி அசை எழுத்துதான். ஒரே வடிவத்தைத் திருப்பிப் போட்டால் பி, பு, ப என்று உயிர் மாறும், நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. அந்த அம்மா தன் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பேனா கேட்டார். அச்சில் விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியைத் தானே வைத்துவிட்டு, பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார்.