லைட் மங்கவில்லை, வண்டியும் கிளம்பவில்லை

எங்கள் கார் பத்து தடவை சாவி திருப்பினால் ஒன்பது தடவை ஒழுங்காகக் கிளம்பிவிடும், அந்தப் பத்தாவது தடவை பார்த்துத்தான் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளோடு தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்போம். லேசாக ஒரு டக். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. ஐந்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனாலோ நல்ல பிள்ளை.

ராமநாதபுரத்தில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் உச்சிப்புளியில் மறுபடி அதே டக். இப்போது செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டுமாம். ஒரு சோதனையும் செய்யாமல்!

கீழக்கரையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் காக்கா (அண்ணன்) ஒருவருக்குப் போன் போட்டேன். "அடுத்த தடவை மக்கர் பண்ணும்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு சாவியைத் திருப்புங்க தம்பி, லைட் மங்குதான்னு பாருங்க" என்றார்.

மங்கவில்லை. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரி பலவீனமாக இருந்தால் லைட் அழுது வடியும். லைட் பளிச்சென்று இருக்கிறது, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் கரண்ட் போகும் வழியில்தான் எங்கோ அடைப்பு. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. இந்த வண்டி கிளம்பியதற்காக நான் எரிச்சல்பட்டது அதுதான் முதல் தடவை. நாலாம் நாள் காலையில் சிக்கியது. அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய மீட்டர் 9-ஐத் தொட்டது.

குற்றவாளி, எஞ்சினை பாடியோடு இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டை. மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றினால் பின்னலுக்குள் முழுக்கப் பச்சைக் களிம்பு, வளைத்ததும் செம்புக் கம்பிகள் பொடியாக உதிர்ந்தன. எஞ்சின் ஆடும் ஆட்டத்தில் மிச்சமிருந்த நாலு கம்பி தொட்டால் ஸ்டார்ட், விலகினால் டக். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடியில் உப்பு பூத்துக் கிடக்கிற ஊர் இது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்றுக்கு ஒரு முழப் பட்டை எம்மாத்திரம்?

மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும் வரை தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மீட்டரே வேண்டாம் என்பவர்கள் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினில் மாட்டிப் பார்க்கலாம், உடனே கிளம்பினால் எர்த்தில்தான் கோளாறு.

மூன்று மாதமாக ஒரு டக் கூட இல்லை. எக்ஸ்சேஞ்சில் சல்லிசாகக் கொடுத்துவிட்டு வந்த என் நல்ல பேட்டரி இப்போது யார் வண்டியில் ஓடுகிறதோ.