நியூஃபவுண்ட்லாந்து சதுப்பில் குடுவைச் செடிகள்

கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் குடியேறிய புதிதில் வீட்டுக்குப் போன் போடும்போதெல்லாம் நான் புலம்பியது ஒன்றைத்தான்: இங்கே மண்ணே இல்லை. பாறை, பாறைமேல் பாசி, பாசிமேல் மூடுபனி. தஞ்சாவூர் வயல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கத்தரி நட்டால் வராத ஊர் ஊராகவே படவில்லை.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு அம்மா பேக்கப்பிள் பறிக்கச் சதுப்புக்குக் கூட்டிப்போனார். தரையை ஒட்டிக் காய்க்கும் ஆரஞ்சு நிறப் பழம், ஜாம் போடுவார்கள். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வராதே என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். கால் வைத்த இடமெல்லாம் அமுங்கித் தண்ணீர் கசிந்தது. அங்கேதான், பாசிக்குள் பாதி புதைந்து, சிவப்பு நரம்போடிய குடுவைகள் கொத்துக் கொத்தாக வாயைத் திறந்தபடி கிடந்தன.

பள்ளியில் படித்த, பூச்சி தின்னும் குடுவைச் செடியான நெப்பந்தஸுக்கு மழை விழாமல் மேலே மூடி உண்டு. இது சரசீனியா பர்ப்யூரியா. திறந்த வாய், மழைத்தண்ணீர் நேராக உள்ளே விழுந்து தேங்கும். வாயோரத்து மயிரெல்லாம் கீழ்நோக்கியே இருப்பதால் எறும்புக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம்.

பழத்தை மறந்து ஒரு குடுவைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே புழுக்கள் நெளிந்தன. விழுந்த பூச்சியைச் செரிக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செடி இவற்றிடமும் பாக்டீரியாக்களிடமும் விட்டுவிடுகிறது. அடியில் ஒரு வகைச் சிற்றீயின் புழு செத்த பூச்சியைக் கடித்துக் குதறும். அதில் உதிரும் துகளையும் பாக்டீரியாவையும் வையோமியா ஸ்மித்தி என்ற கொசுவின் புழு தின்னும். கடைசியில் தண்ணீரில் கரையும் நைட்ரஜன்தான் செடிக்கு. இந்தக் கொசு வடக்கில் மனிதரைக் கடிப்பதே இல்லை. மற்ற கொசுக்கள் கடித்துத் தீர்க்கின்றன, அது வேறு விஷயம். குளிர்காலத்தில் குடுவைத் தண்ணீர் உறையும்போது புழுவும் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டு, வசந்தத்தில் உயிரோடு எழுந்துவிடும்.

இவ்வளவு பாடும் மண் ஏழை என்பதால்தான். சதுப்பை மூடிக்கிடக்கும் ஸ்பாக்னம் என்ற பாசி தண்ணீரை அமிலமாக்கிவிடும். செத்தது எதுவும் லேசில் மக்காது, வேருக்கு நைட்ரஜன் கிடைக்காது. என் கத்தரிக்கும் இதுதான் கதி. இந்தச் செடி வேரை நம்பாமல் இலையைக் குடுவையாக்கிக்கொண்டது.

ஊர்க்காரர்களுக்கு இது பழகிய செடி. நியூஃபவுண்ட்லாந்து 1949-ல் கனடாவோடு சேருவதற்கு முன்பே அதன் ஒரு சென்ட் காசில் இருந்தது. 1954-ல் மாகாணப் பூவானது.

தெற்கே செயின்ட் ஷாட்ஸ் பக்கம் போகும் சாலையை ஒட்டி விரிந்து கிடப்பதும் இதே மாதிரிச் சதுப்புதான். அந்த ஊரை ஒட்டிய கடலில்தான் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களைக் கரைசேர்த்தது செயின்ட் ஜான்ஸில்.

டொராண்டோ உறவினர்கள் பனிப்பாறையும் திமிங்கிலமும் பார்க்கத்தான் வருவார்கள். ஜூலையில் வந்தால் சதுப்புக்கும் இழுத்துப்போவேன். அப்போது கருஞ்சிவப்புப் பூக்கள் குடுவைக்கு வெகு மேலே, நீண்ட காம்பில் தலைகவிழ்ந்து நிற்கும். போன முறை சித்தி மகன் குடுவைக்குள் விரலை விடலாமா என்று கேட்டான். தாராளமாக விடு, ஆனால் வீடு போகிறவரை கைகழுவத் தண்ணீர் கிடைக்காது என்றேன். விடவில்லை.