சேனைக்கிழங்கில் கழன்ற கத்தி

2024 நவம்பர் மூன்றாம் வாரம். கார்த்திகை முகூர்த்தத்துக்கு எண்பது பேர் சாப்பாடு ஒப்புக்கொண்டிருந்தேன். அதிகாலை நாலு மணிக்குச் சேனைக்கிழங்கை மேஜைமேல் வைத்து அழுத்தினேன். கத்தி பாதிவரை இறங்கி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் பிடி மட்டும் என் வலது கையோடு வந்துவிட்டது. அலகு திரும்பி, கிழங்கைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையில் பாய்ந்தது. நாலு தையல். அன்றைய சமையலை என் அக்காவும் பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்து முடித்தார்கள்.

அந்தக் கத்திக்காக நான் நடந்த நடையைத்தான் இங்கே எழுதுகிறேன். வாங்கிய கத்தி ஏமாற்றிவிட்டது என்று சொல்லும் பலர், திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டால் அதோடு விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இருபது வருடம் அரிவாள்மனையில் அரிந்தவள் நான். மூட்டுவலி வந்தபிறகு தரையில் உட்கார முடியவில்லை. நின்றபடி நறுக்க நல்ல கத்தி வேண்டுமென்று மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில், ஓர் இணையதளத்தின் தீபாவளித் தள்ளுபடியில் மூன்று கத்திகள் கொண்ட ஒரு செட் வாங்கினேன். 7,490 ரூபாய். 'ஜப்பானிய விஜி-10 எஃகு, 67 அடுக்கு டமாஸ்கஸ், ஃபுல் டேங்' என்று போட்டிருந்தார்கள். அலகு முழுக்க நீரலை போல வரிகள். பார்க்க அவ்வளவு அழகு.

மூன்றாவது வாரமே தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணைக்கல்லோடு வருகிற பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டு சுற்றுத் தீட்டிவிட்டு நிறுத்தினார். "அம்மணி, இந்த வரியெல்லாம் கல்லுல பட்ட எடத்துல போயிருச்சு பாருங்க. இது இரும்போட வரி இல்லீங்க, மேல எழுதுனது" என்றார். அன்று நான் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. கையில் தையலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் சொன்னது மனசில் விழுந்தது.

உடைந்த பிடியை உற்றுப் பார்த்தேன். ஃபுல் டேங் என்றால் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடவேண்டும், ரிவெட் அதை ஊடுருவி நிற்கவேண்டும். இதில் இரண்டு அங்குலம்கூட இல்லாத மெல்லிய தண்டு, சுற்றிலும் பசை, அவ்வளவுதான். வெளியே தெரிந்த மூன்று ரிவெட்டும் மேலே ஒட்டிய பொட்டுகள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். மங்குகிற கத்தியை இன்னொரு தடவை தீட்டிக்கொள்ளலாம். பிடியில் பொய் இருந்தால் அது ஆளையே அறுக்கும்.

67 அடுக்கு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் கெட்டியான ஒரு தகடு, அதன் இருபுறமும் 33, 33 மெல்லிய அடுக்குகள். அடுக்குகள் நிஜமாக இருந்தால் கத்தியின் முதுகில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். வெட்டுவாய்ப் பக்கம் நடுத்தகடு தனியாகத் தெரியும் இடத்தில் வரிகள் நின்றுவிடும். ஒரு கத்தியின் வரி இன்னொன்றில் அச்சாக வராது. என்னுடைய கத்திகளின் முதுகு வழவழவென்று இருந்தது. மூன்றிலும் ஒரே சுழி, ஒரே இடத்தில்.

டமாஸ்கஸ் என்ற பெயரைச் சொல்லி இப்படிச் செய்தது எனக்கு இன்னும் உறைத்ததற்குக் காரணம் உண்டு. நான் இருப்பது ஈரோடு மாவட்டம். நொய்யல் கரையில் கொடுமணல் இங்கேதான் இருக்கிறது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் அடையாளங்களைத் தோண்டி எடுத்த ஊர். மூசை என்ற மண் குடுவையில் உருக்கிய எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே போய், டமாஸ்கஸ் வாள் என்று பேர் வாங்கியது. அந்த எஃகில் வரி என்பது உருகி ஆறும்போதும் அடித்து நீட்டும்போதும் உள்ளேயே பிறப்பது. இன்று டமாஸ்கஸ் என்று விற்பது வேறு முறை. இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்டி அடிப்பது. அதுவும் நேர்மையான வேலைதான். என் கையில் இருந்தது இரண்டும் இல்லை.

விற்ற தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். திருப்பும் காலம் ஏழு நாள், முடிந்துவிட்டது, உபயோகித்த பொருள் என்றார்கள். தாங்கள் இடைத்தளம் மட்டுமே, விற்பனையாளரிடம் கேளுங்கள் என்றார்கள். விற்பனையாளரின் முகவரியைத் தேடிப் பெட்டியைப் புரட்டினால், இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, எந்த நாட்டுப் பொருள் என்றும் இல்லை. பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதிப் பொருளில் இரண்டும் இருக்கவேண்டும். உடனே பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். கிடைத்தது என்ற பதில் வந்தது, தீர்வு வரவில்லை. பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பதிவு எண் கொடுத்தார்கள். பத்து நாளில் அந்த நிறுவனம் 500 ரூபாய்க் கூப்பன் தருவதாகப் பதில் போட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த உதவி எண்ணால் சமரசம் பேசத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. ஆனாலும் அந்த அழைப்பு வீண் இல்லை. நான் எப்போது என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தேதியோடு எழுத்தில் கிடைத்தது.

இதற்கிடையில் பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் ஒரு சோதனை சொன்னான். சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். செட்டில் இருந்த சின்னக் கத்தியின் ஓர் ஓரத்தை எமரித் தாளால் தேய்த்தான். வரி போய்ப் பளபளவென்று ஆனது. கையுறை போட்டு அந்தக் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தான். நிஜ அடுக்காக இருந்தால், ஒரு எஃகு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் அரிக்கப்பட்டு வரி திரும்ப மேலே வந்துவிடும். எங்கள் கத்தி முழுக்க ஒரே சாம்பல் நிறமாக மங்கியது. சாணைக்காரப் பெரியவர் கல்லைத் தொட்ட ஒரு நிமிடத்தில் சொன்னது அதுதான்.

மற்ற இரண்டு கத்தியையும் தொடாதே என்று எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அக்கா சொன்னார். நான் வாங்கிய யோசனைகளில் இதுதான் பெரியது. நாமே சோதித்த பொருளை எதிர்த்தரப்பு 'இவர்கள்தான் கெடுத்தார்கள்' என்று சொல்லிவிடலாம். சின்னக் கத்தி எங்கள் மனசுக்கு. உடைந்ததும் பெரியதும் நுகர்வோர் ஆணையத்துக்கு.

இன்னொன்றும் அவர் சொன்னார்: விற்பனைப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி உடனே படம் எடுத்து வை. எடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 'டமாஸ்கஸ் ஸ்டீல்' என்றிருந்தது 'டமாஸ்கஸ் பேட்டர்ன்' என்று மாறியிருந்தது. ஃபுல் டேங் என்ற வரியே காணோம். அந்தப் படம் இல்லாவிட்டால் என் வழக்கு அங்கேயே படுத்திருக்கும்.

2025 பிப்ரவரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவேற்றினேன். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மனு, தேதிவாரிக் குறிப்பு, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய பிரமாணப் பத்திரம், பில், படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்னஞ்சல்கள் எல்லாம் வைத்தேன். விற்பனைப் பக்கத்தின் திரையைப் பிடித்த படங்களுக்கு மின்னணு ஆவணச் சான்றும் சேர்த்தேன். முதல் தடவை பக்க எண் இல்லை, அட்டவணை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி செய்து போட்டதும் ஏற்றுக்கொண்டார்கள். விற்பனையாளர், தளம் இருவரையுமே எதிர்தரப்பினராகச் சேர்த்திருந்தேன்.

அவர்கள் பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. கத்தியால் எலும்பு வெட்டியிருப்பேன் என்றார்கள். என் சமையலறைக்குள் முட்டைகூட வருவதில்லை. அடுத்தது, நான் சமையல் தொழில் செய்வதால் வணிகத்துக்காக வாங்கியவள், நுகர்வோரே அல்ல என்றார்கள். மனுவைத் தொடக்கத்திலேயே கவிழ்க்கக்கூடிய வாதம் இது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்குகிறவரும் நுகர்வோர்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவு என் பெயரில் இருந்தது, சம்பளத்துக்கு ஆள் இல்லை, சமையல் நடப்பது வீட்டிலேயே. மூன்றையும் ஆவணமாகக் கொடுத்தேன். தையல்காரர், எலக்ட்ரீசியன், டிபன் கடை வைத்திருக்கிற அக்கா எல்லாரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில் கருவி வாங்கினால் கேட்க உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறை என்றால் ஆணையமே பொருளை முத்திரையிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். சோதனைக் கட்டணத்தை முதலில் நாம் கட்டவேண்டும். என் கண்முன்னே இரண்டு கத்தியையும் துணியில் சுற்றி அரக்கு வைத்தார்கள். வந்த அறிக்கையில் கடினம் ராக்வெல் சி அளவில் 52. நன்றாகப் பதம் வைத்த விஜி-10 அறுபதை ஒட்டி இருக்கும். அந்த எட்டு எண்ணில்தான் தக்காளித் தோலில் வழுக்கியதன் காரணம் இருந்தது. விஜி-10 எஃகில் கோபால்ட் ஒன்றரை சதவீத அளவுக்குச் சேர்ப்பார்கள். இதில் கோபால்ட்டே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்த குறுக்குவெட்டில் அடுக்கு எதுவும் இல்லை, வரிகள் மேல்பரப்பில் மட்டும். பிடிக்குள் இருந்த தண்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே வைத்து, "கத்திப் பணத்தைத் தந்துவிடுகிறோம், முடித்துக்கொள்ளலாமே அம்மா" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த வர்ணனையோடு இனி விற்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் சரி என்றேன். அதற்கு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

2025 டிசம்பரில் உத்தரவு வந்தது. கத்தியின் விலை வட்டியோடு, சோதனைக் கட்டணம், காயத்துக்கும் அலைச்சலுக்கும் சேர்த்து 15,000 ரூபாய், வழக்குச் செலவு 5,000. அந்த வர்ணனையில் அந்தக் கத்தியை விற்பதை நிறுத்தவேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். நான் மனுவில் கேட்டதில் எனக்கு முக்கியமானது அந்தக் கடைசி வரி. கேட்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்குமா, சொல்ல முடியாது. ஆகவே மனு எழுதும்போதே அதையும் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள்.

பணம் 45 நாள் கெடுவுக்குள் வந்துவிட்டது. இப்போது வெட்டுவது சந்தையில் கொல்லர் அடித்த கத்தியால். நனைந்தபடி வைத்தால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறேன். மாதம் ஒருமுறை பெரியவர் வந்து தீட்டித் தருகிறார். தீர்ப்பு வந்ததைச் சொன்னபோது, உத்தரவு நகலை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சோதனை அறிக்கையின் பக்கத்தை விரலால் தடவித் தடவி முழுக்கப் படித்தார்.

பழைய விற்பனைப் பக்கம் போய்விட்டது. போன வாரம் அதே கத்தி, அதே படம், அதே 67 அடுக்கு, வேறொரு விற்பனையாளர் பெயரில் இருப்பதை அக்கா மகன் காட்டினான். தேதியோடு படம் எடுத்து, உத்தரவு நகலையும் சோதனை அறிக்கையையும் சேர்த்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். 1915-இலும் பதிவு செய்தாயிற்று. கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. இன்றோடு ஆறு நாள் ஆகிறது.