மக்காவு வருமா? ஒரு திருகோணமலை நாட்குறிப்பு

மே 30, 2019, வியாழன்

காலையில் கணினியைத் திறந்ததும் ஒரு ரத்து. ஜெர்மனிக்காரர் நான்கு பேர், ஐந்து இரவுகள். கடிதம் நீளமானது, மரியாதையானது. உங்கள் நாட்டை மிகவும் நேசிக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த இத்தகைய கடிதங்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். உப்புவெளியில் நான் கணக்கெழுதும் விடுதியில் பன்னிரண்டு அறைகள். இரண்டில்தான் ஆள் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று முதலாளியின் மைத்துனருடையது.

ஆகவே எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. நேரம் கிடைத்தால் நான் உதைபந்தாட்டத்தைத்தான் நினைப்பேன்.

இன்று இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் தொடங்குகிறது. பஸ்ஸிலும் சலூனிலும் அதே பேச்சு. இலங்கை இன்னோர் உலகக் கிண்ணத்தின் வாசற்படியிலும் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் எங்கள் நகரத்தில் ஒரு வான் வண்டிக்குள் அடங்குவார்கள். அடங்கத்தான் போகிறார்கள். அந்த வானைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2022 கட்டார் உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் போட்டிகளில், தரவரிசையின் அடியில் கிடக்கும் பன்னிரண்டு நாடுகள் முதலில் தங்களுக்குள் மோத வேண்டும். ஆறு நாடுகள் மேலே போகும், ஆறு வீட்டுக்கு. ஏப்ரல் 17 அன்று கோலாலம்பூரில் குலுக்கினார்கள். எங்களுக்குச் சீனக் கரையோரத்துச் சிறு பிரதேசமான மக்காவு விழுந்தது. ஜூன் 6இல் அவர்கள் பக்கம் ஓர் ஆட்டம், 11இல் கொழும்பில் ஓர் ஆட்டம். குலுக்கிய நான்காம் நாள் ஈஸ்டர் ஞாயிறு.

ஜூன் 2, ஞாயிறு

வான் பேசியாயிற்று. பதினான்கு பேர், தலைக்கு 2,000 ரூபாய். முற்பணமாகப் பத்தாயிரம் கொடுத்தோம். வான்கார அண்ணர் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார். ஏப்ரலுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் கொழும்பு ஓட்டமாம்.

கொடி தைக்கும் பொறுப்பு கிண்ணியா நானாவுடையது. அவர் ஒரு காலத்தில் எங்களுக்கு எதிராக இடப்பக்க முன்கள வீரர். நான் வலப்பக்கப் பின்களம். ஏகாம்பரம் மைதானத்தில் அவரை நிறுத்த முடியாமல் நான் காலை வாரிய கதையை இன்றைக்கும் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்காட்டுவார். தையற்காரர் துணியை விரித்ததும் நானா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "பச்சைக் கோடும் செம்மஞ்சள் கோடும் அளவு பிசகக் கூடாது." கொடியில் பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. தையற்காரர் தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அளவுநாடாவை மறுபடியும் எடுத்தார். நாட்டில் இந்த நாட்களில் நடப்பவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

திரும்பும் வழியில் பூட்டான் கதை வந்தது. வராமல் இருக்காது. 2015 மார்ச் 12, கொழும்பு. அப்போது உலகத் தரவரிசையில் ஆகக் கடைசி, 209ஆம் இடத்தில் இருந்த பூட்டான் தன் முதலாவது உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தை எங்கள் மண்ணில் ஆடி 1–0 என்று வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2–1. உலகமே பூட்டானைப் பாராட்டியது. அது நல்ல கதைதான், நானும் ரசித்திருப்பேன், அந்தக் கதையில் தோற்கிறவன் வேறு யாராவதாக இருந்திருந்தால்.

1995இல் இதே கொழும்பில் இந்தியாவை 1–0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு இது. அதை நேரில் பார்த்த பெரியப்பா ஒருவர் எங்கள் வானில் வருகிறார். அவருக்கு முன் இருக்கை.

ஜூன் 5, புதன்

நோன்புப் பெருநாள். கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தைக் கடக்கும்போது கச்சான் காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. கிழக்கில் கச்சான் என்றால் இரண்டு: ஒன்று வறுத்துத் தின்னும் நிலக்கடலை, மற்றது எங்களை வறுக்கும் காற்று.

நானா வீட்டில் வட்டிலப்பம் இருந்தது, கூட்டம் இல்லை. வழக்கமாக முற்றத்தில் செருப்பு வைக்க இடம் இராது. அவருடைய மகன் புதுச் சட்டையோடு பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தான். நாளைய ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். "இரண்டுக்கு ஒன்று, மாமா" என்றான். யாருக்கு இரண்டு என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன், இரவு

1–0. மக்காவுக்கு.

ஆட்டம் மக்காவில்கூட நடக்கவில்லை, எல்லைக்கு அப்பால் சீனாவின் சூகாய் நகரில். நாங்கள் அதைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. டச்சுக் குடாவுக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையில் எட்டுப் பேர் ஒரு தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்து, திரையில் இருந்த இரண்டு பூச்சியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவன் விரலால் திரையை இழுத்து இழுத்து விடுவான், பூச்சியங்கள் மறைந்து திரும்பி வரும். ஒரு தடவை திரும்பி வந்தபோது ஒரு பூச்சியம் ஒன்றாகிவிட்டிருந்தது. கோலை அடித்தவர் பிலிப்பே டுவார்ட்டே. எப்படி அடித்தார், தலையாலா காலாலா, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத கோலுக்காக யாரைத் திட்டுவது? நடுவரில் தொடங்கி இணைய இணைப்பில் முடித்தோம்.

பிறகு கணக்கு. உதைபந்தாட்ட ரசிகர்கள் எல்லாரும் தோற்ற இரவில் கணித ஆசிரியர்கள். கொழும்பில் 1–0 என்றால் மேலதிக நேரம். 2–0 என்றால் நாங்கள் மேலே. 2–1 என்றால் வெளிநாட்டு மண்ணில் அடித்த கோலுக்கு மதிப்பு என்ற விதிப்படி மக்காவு மேலே. அதாவது அவர்கள் கொழும்பில் ஒன்று போட்டால் நாங்கள் மூன்று போட வேண்டும். தேநீர்க் கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏழு இலட்சம் சனமும் இல்லாத ஊருக்கு மூன்று கோல் போட மாட்டீர்களா?" என்றார். ஜனத்தொகையால் கோல் விழுமென்றால் இந்தியா எத்தனை உலகக் கிண்ணம் எடுத்திருக்க வேண்டும்!

எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒரு கோல் கடன் பெரிய கடனல்ல. பயிற்றுநர் பக்கீர் அலியின் அணி அந்நிய மண்ணில் ஒன்றோடு தப்பி வந்திருக்கிறது. முதல் இருபது நிமிடங்களுக்குள் ஒன்றைப் போட்டுவிட்டால் மீதியை எங்கள் தொண்டை பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 7, வெள்ளி

பிரிஸ்டலில் பாகிஸ்தானுடன் கிரிக்கெட் மழையால் நடக்கவில்லை. எங்கள் பதினான்கு பேரில் மூவர் அதற்காகத் துக்கம் காத்தார்கள். அவர்களை வானின் கடைசி வரிசைக்கு மாற்றியிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இந்தியப் பிரதமர் மோடி இன்று கொழும்புக்கு வந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் அஞ்சலி செலுத்தினார். குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த முதல் வெளிநாட்டுத் தலைவர் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விடுதி முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவரே வந்துவிட்டார், இனி எல்லாரும் வருவார்கள்" என்றார்.

அவர் சொல்லி முடித்த சற்று நேரத்தில் நானாவின் அழைப்பு. "மக்காவு வராதாம்."

நான் நம்பவில்லை. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

உண்மைதான். பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி மக்காவு உதைபந்தாட்டச் சங்கம் அணியை அனுப்ப மறுத்துவிட்டது. பொதுவான வேறோர் இடத்தில் ஆட்டத்தை வைக்கக் கேட்டிருக்கிறார்கள், அது நடக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கிழியும். முன்னிலையில் இருக்கிறவன் ஆட வரமாட்டேன் என்கிறான்! ஒரு கோல் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறான்!

கோபத்தோடு அலுவலக மேசைக்கு வந்தால் இன்னொரு ரத்து. பெல்ஜியத்திலிருந்து ஒரு தாயும் மகளும். இவர்களுக்கு அனுப்புவதற்கு என்னிடம் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது, ஏழு வாரமாக அதையே அனுப்புகிறேன்: உங்கள் முடிவை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம், நிலைமை சீரானதும் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். இன்று பெயரை மாற்றிய பிறகு விரல் பொத்தானுக்குப் போகவில்லை. இந்தத் தாயைப் புரிந்துகொள்கிற நான் மக்காவின் கோல்காப்பாளரை மட்டும் ஏன் புரிந்துகொள்ள மாட்டேன்? அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். முப்பது வருடம் நாங்களே ஒரு சோதனைச் சாவடியிலிருந்து அடுத்த சாவடிவரைதான் வாழ்க்கையைத் திட்டமிட்டோம். பயத்தைப் பற்றித் திருகோணமலைக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

மாலையில் இன்னொரு செய்தி. வர வேண்டும் என்று மக்காவின் வீரர்களே கேட்டிருக்கிறார்கள், சங்கம்தான் மறுத்ததாம். தங்கள் வாழ்நாள் வாய்ப்பு பறிபோகிறது என்று பகிரங்கமாக எழுதியிருக்கிறார்கள். என் கோபம் போக இடமில்லாமல் திரும்பி வந்து என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

பெல்ஜியத் தாய்க்குப் பதில் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

அதிகாலை நான்கு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்பதாக இருந்தது. நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இந்நேரம் கந்தளாய், இந்நேரம் ஹபரணை, இந்நேரம் தம்புள்ளையில் ஒரு தேநீர் என்று கூரையைப் பார்த்தபடி போய்க்கொண்டே இருந்தேன். குருநாகல் வரும்போது விடிந்துவிட்டது.

பிரச்சினை சோற்றுப் பார்சல். வழியில் சாப்பிடப் பதினான்கு பார்சலுக்கு நேற்றைக்கு முன்தினமே மரக்கறியும் மீனும் வாங்கிக் கொடுத்திருந்தோம். சமைக்கும் அக்காவிடம் மக்காவு வராத செய்தியைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம். காலை ஆறு மணிக்குப் பதினான்கு பார்சல், வாழையிலை மணக்க, என் வீட்டு வாசலில்.

மதியம் எல்லாரையும் கடற்கரைக்கு வரச் சொன்னேன். பெரியப்பா சட்டைக்குமேல் பழைய தேசிய அணி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் யாரோ நேற்றே சொல்லிவிட்டார்களாம், இருந்தாலும் போட்டுக்கொண்டு வந்தார். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு புள்ளிமான்கள் வாழையிலைக்காகக் காத்துக்கொண்டு நின்றன. வான்கார அண்ணர் தானாகவே வந்து முற்பணத்தில் பாதியை நீட்டினார். மற்றப் பாதியால் டீசல் அடித்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய கையில் கிடந்த அந்த ஐயாயிரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "வைத்திருங்கள் அண்ணா, அடுத்த ஆட்டத்துக்கு" என்றேன். எந்த அடுத்த ஆட்டம் என்று அவரும் கேட்கவில்லை.

கடைசி வரிசை மூவர் தொலைபேசியில் கிரிக்கெட் தேடினார்கள். பிரிஸ்டலில் இன்று பங்களாதேஷுடன். ஒரு பந்தும் வீசாமல் மழையால் கைவிடப்பட்டது. ஒரே நாளில் இரண்டு உலகக் கிண்ணங்களிலும் இலங்கை விளையாடவில்லை, இரண்டிலும் தோற்கவுமில்லை. இதற்காக யாருக்காவது விருது கொடுக்க வேண்டும்.

பங்களாதேஷ் உதைபந்தாட்டத்தில் லாவோஸைச் சமாளித்து மேலே போய்விட்டது. அவர்களாவது ஆடினார்கள்.

ஜூன் 16, ஞாயிறு, பொசன் போயா

மக்காவின் உள்ளூர்க் கிண்ணப் போட்டியில் ஓர் ஆட்டம் 21–18 என்று முடிந்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. கொழும்புக்கு அனுப்பாததைக் கண்டித்து இரு அணிகளும் மாறி மாறி கோல் போடவிட்டு விளையாடினவாம். முப்பத்தொன்பது கோல்கள்! அதில் இரண்டை எங்களுக்கு அனுப்பியிருந்தால் போதும்.

அவர்கள்மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

ஃபிபா தீர்ப்புச் சொல்லிவிட்டது. வராத ஆட்டம் 3–0 என்று இலங்கைக்கு. மொத்தத்தில் 3–1. இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டோம்.

நானா மகனோடு விடுதிக்கே வந்துவிட்டார், கையில் பலூடா. சிறுவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூன்று கோலும் யார் அடித்தது?" என்றான். நானா என்னைப் பார்த்தார். நான் பலூடாவைப் பார்த்தேன். அவன் விடவில்லை. ஒவ்வொரு வீரராகப் பெயர் சொல்லி, இவரா, இவரா என்று கேட்டுக்கொண்டே போனான். கடைசியில் நானா, "ஒன்று நான், மற்ற இரண்டும் மாமா" என்றார். வலப்பக்கப் பின்களக்காரன் இரண்டு கோல் அடிப்பதாவது! பையனே நம்பவில்லை.

யூலை 17, புதன்

குலுக்கல் முடிந்தது. தென்கொரியா, வடகொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான். இரண்டு கொரியாக்களும் ஒரே குழுவில், நடுவில் நாங்கள். இந்தக் கிழமை விடுதியில் நான்கு அறைகளில் ஆள் இருக்கிறது, மைத்துனரைக் கணக்கில் சேர்க்காமல்.

எட்டு மணிக்கு வான்கார அண்ணர் அழைத்தார்.

"தம்பி, செப்டெம்பர் ஐந்து வியாழக்கிழமை. துர்க்மெனிஸ்தான் வருமா?"

"வருவார்கள் அண்ணா."

"அப்படியென்றால் உங்கள் ஐயாயிரம் என்னிடம் இருக்கிறது" என்றார். "மீதிப் பணத்தோடு நாலு மணிக்கு நில்லுங்கள். அக்காவிடம் சோறு சொல்ல மறக்க வேண்டாம்."