நீர்க்கரடியைக் காயவைக்கும் வித்தை ஒருவழியாகப் பிடிபட்டது

நீர்க்கரடி என்பது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய எட்டுக்கால் குட்டிப் பிராணி, ஹிப்சிபியஸ் அதில் ஒரு வகை. வாரக்கணக்கில் வடிதாளோடு ஒட்டிக் காய்ந்து கிடந்த ஹிப்சிபியஸ்கள் இப்போது அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் நடமாடுகின்றன. எல்லாம் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் எழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியைத் தின்று வயிறு பச்சையாகவும் ஆகிவிட்டது. ஆகவே இது கொஞ்சம் பீற்றிக்கொள்ளும் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். பாசியை ஊறவைத்துப் பிழிவது, தட்டில் தேடுவது, வளர்ப்புக்குத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் இதைப் படிப்பவர்களுக்கு அத்துப்படியாக இருக்கும். அதற்குள் போகவில்லை. வளர்ப்புத் தட்டில் இருக்கும் ஹிப்சிபியஸ் எக்ஸெம்ப்ளாரிஸைச் சாகடிக்காமல் காயவைப்பது எப்படி என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

நீர்க்கரடி என்றாலே எதற்கும் சாகாத பிராணி என்று ஒரு பெயர் இருக்கிறது. 2007 செப்டம்பரில் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் போய், விண்வெளியின் வெற்றிடத்தில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்து முட்டை போட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கே போனவை ஹிப்சிபியஸ் இல்லை, மில்னேசியம், ரிக்டர்சியஸ் என்ற வேறு இரண்டு வகை நீர்க்கரடிகள். அதுவும் பூமியிலேயே பக்குவமாகக் காய்ந்து, பீப்பாய்போலச் சுருங்கிய பிறகுதான் ஏற்றினார்கள். அந்தப் பீப்பாய் நிலைக்குப் போய்ச் சேராத நீர்க்கரடி சாதாரணப் புழுப்பூச்சிதான். ராமஸோட்டியஸ் என்ற இன்னொரு வகையை வைத்து 2020இல் வந்த ஆய்வில், தண்ணீரில் நடமாடும் நிலையில் 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்ததற்கே பாதி செத்துப்போயின. அதே இனம் காய்ந்த நிலையில் 80 டிகிரிக்கு மேலும் ஒரு மணி நேரம் தாங்கியது. சூரத்தனம் முழுக்க அந்தச் சுருங்கலில் இருக்கிறது. நம் கையில் சிக்கலும் அங்கேதான்.

சுவர்ப்பாசியில் கிடைப்பவற்றுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வெயில் அடித்தால் காய்வது, மழை பெய்தால் எழுவது அவற்றுக்கு அன்றாட வேலை. பாசியே ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவதால் பதமாகக் காய்வதும் தானாக நடந்துவிடுகிறது. ஹிப்சிபியஸ் எக்ஸெம்ப்ளாரிஸ் அப்படியல்ல. ஆய்வுக்கூடங்களிலும் நம்மைப் போன்றவர்களிடமும் இருக்கும் வம்சம் முழுக்க 1987இல் இங்கிலாந்தின் போல்டன் பகுதியில் ஒரு குளத்திலிருந்து எடுத்த நீர்க்கரடியின் சந்ததி. குளத்துப் பிராணிக்குக் காய்வது அவசரகால ஏற்பாடு. தண்ணீர் குறைகிறது என்று உடம்புக்குத் தெரிந்து, அதற்கான புரதங்களைச் செய்து முடிக்க அவகாசம் வேண்டும். புதிதாகப் புரதம் செய்வதைத் தடுத்துவிட்டால் எவ்வளவு பதமாகக் காயவைத்தாலும் இது பிழைப்பதில்லை என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017இல் தாமஸ் பூத்பி என்ற ஆய்வாளரின் குழு அந்தப் புரதங்கள் எவை என்று பிரித்துக் காட்டியது. நிலையான மடிப்பு எதுவும் இல்லாத, தண்ணீர் போகப் போக செல்லுக்குள் கண்ணாடிபோல இறுகும் ஒரு வகை. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறாலின் முட்டை மாதிரி டிரெஹலோஸ் சர்க்கரையைக் குவித்துவைத்துத் தப்பிக்கும் வழி இதற்கு இல்லை.

அதனால்தான் ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. நாற்பது மடங்கில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று கண்ணுக்கே தெரியும். சொட்டின் விளிம்பு உள்வாங்கிக்கொண்டே வரும். அதுவரை நீர்க்கரடி சாவகாசமாகக் கால்களை உதைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீர்ப்படலம் அதன் முதுகைத் தொடும் கணத்தில் கண்ணாடியோடு சேர்த்து நசுக்கிவிடும். கால்கள் எட்டும் விரிந்தபடியே ஒட்டிக்கொள்ளும், உடம்பு தட்டையாகிவிடும். தலையை இழுத்துக்கொண்டு சுருள நேரமே கிடைக்காது. வழவழப்பான கண்ணாடியில் நகத்துக்குப் பிடிமானமும் இல்லை.

அடுத்து அகார். பிடிமானம் அருமை. ஆனால் அகாரே காய்ந்து சுருங்கி, ஓரம் சுருண்டு, மேலே இருப்பவற்றைத் தோலோடு பிடித்துக்கொள்கிறது. திரும்ப நனைத்தால் எது அகார், எது கரடி என்று பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆய்வுக்கூடங்களில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள்தான், அவர்களிடம் ஈரப்பதத்தைக் கட்டிப்போடும் பெட்டி இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது வடிதாள். சிறு வட்டமாக வெட்டி நனைத்து, அதன்மேல் கரடிகளை விடுவது. இங்கே ஒரே ஒரு இடம்தான் கஷ்டம், ஆனால் அந்த ஒரே இடம் என் உயிரை வாங்கிவிட்டது: மேலே நிற்கும் அதிகப்படித் தண்ணீரை எடுப்பது. பிப்பெட்டால் உறிஞ்சினால் கரடியும் கூடவே வரும். தாள் முனையை மேலே வைத்து உறிஞ்சினால் எல்லாம் அந்த முனைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். குவிந்தால் நடுவில் இருப்பது ஈரமாகவும் ஓரத்தில் இருப்பது காய்ந்தும் போகும். இதற்கு வழி, கீழிருந்து இழுப்பது. வட்டத்தை இடுக்கியால் ஓரத்தில் பிடித்து, உலர்ந்த வடிதாள்மேல் லேசாகத் தொடவைத்து உடனே தூக்க வேண்டும். தண்ணீர் கீழே இறங்கும், கரடிகள் இருந்த இடத்திலேயே நிற்கும். தாளின் மேற்பரப்பில் பளபளப்பு மறைந்து இழைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு தொடல் போனாலும் அதிகம். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்து வைத்துக்கொண்டால் இந்தப் பளபளப்பு நன்றாகத் தெரியும். இன்னொன்று: காயவைப்பதற்கு முன்பு பட்டினி போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் கொஞ்சம் தீனி வயிற்றோடுதான் விட்டேன். வெள்ளைத் தாளில் கண்ணாடி மாதிரிப் பிராணியைத் தேட அந்தப் பச்சைக் குடல் ஒன்றுதான் துணை.

எடுக்கும் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர்களைத் தூக்கி எடுக்கும் மெல்லிய கம்பி வளையமான இர்வின் லூப் நல்ல சாமான், மறுப்பில்லை. ஆனால் அதை விற்பவர்கள் சொல்லும் விலைக்கு மனசு வரவில்லை. கண்ணாடிச் சொட்டுக்குழாயைத் தீயில் காட்டி இழுத்து, முனையை உடைத்து எடுத்தால் போதுமான அளவு மெல்லிய பிப்பெட் கிடைக்கிறது. உடைத்த முனையை இன்னொரு முறை தீயில் லேசாகக் காட்டி மழுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கரடியின் தோலைக் கிழித்துவிடும். குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுப்பவைதான் பெரிய எரிச்சல். முதலில் கொஞ்சம் வளர்ப்புத் தண்ணீரை உறிஞ்சி உள்சுவரை நனைத்துக்கொண்டால் அது குறைகிறது.

சரி, ஈரப்பதம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், உப்பு போதும். ஓர் உப்பைத் தண்ணீரில் கரையாமல் மிஞ்சும் அளவுக்குப் போட்டுக் கூழாக வைத்தால், மூடிய டப்பாவுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை அது ஓர் இடத்தில் நிறுத்திவிடும். அறை வெப்பத்தில் பொட்டாசியம் சல்ஃபேட் 97 சதவீதம், சாப்பாட்டு உப்பு 75, மெக்னீசியம் குளோரைடு 33. பொட்டாசியம் சல்ஃபேட் செடிகளுக்குப் போடும் உரம்தான், தண்ணீரில் முழுதாகக் கரையும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். குருணையாக வரும் வகையில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டப்பா சிறியதாக இருப்பது நல்லது. உப்புக்கூழின் பரப்பு அகலமாக இருக்க வேண்டும், கரடித் தாள் அதைத் தொடாமல் உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு உப்புக்கு டப்பாச் சுவரில் ஊர்ந்து ஏறும் குணம் உண்டு, அதையும் கண்காணியுங்கள்.

முதல் கட்டம் 97 சதவீத டப்பாவில் ஒரு முழு நாள். சொல்வதற்குச் சுலபம். அந்த ஈரப்பதத்தில் வெப்பம் அரை டிகிரி இறங்கினாலே மூடியின் உள்பக்கம் வியர்த்துவிடும். வியர்த்தது சொட்டாகத் திரண்டு நேராகத் தாள்மேல் விழும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். பாதி சுருங்கிய கரடிகள் மறுபடி நனைந்து விழித்துக்கொள்ளும், செய்ததெல்லாம் வீண். டப்பாவைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, ஜன்னலும் மின்விசிறியும் எட்டாத அலமாரியின் உள்மூலையில் தள்ளிய பிறகு வியர்ப்பது நின்றது. போதாததற்குத் தாளுக்கு மேலே ஒரு சிறு பிளாஸ்டிக் கூரையும் சாய்வாக நிறுத்தியிருக்கிறேன், விழுந்தாலும் ஓரமாக வழியட்டும் என்று.

ஈரப்பதமானி விஷயத்தில் புலம்பாமல் இருக்க முடியவில்லை. நான் வாங்கிய சிறிய டிஜிட்டல் கருவி 90ஐத் தாண்டியதும் வாயில் வந்ததைச் சொல்கிறது. சாப்பாட்டு உப்பு டப்பாவுக்குள் வைத்து 75 காட்டுகிறதா என்று சரிபார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அதில் ஒழுங்காகத் தேறிய கருவியே மேலே போனதும் 99இல் நின்றுகொண்டு நகர மறுத்தது. கடைசியில் கருவியை வெளியே எடுத்துவிட்டு உப்பையே நம்பினேன். இயற்பியல் பொய் சொல்லாது, கருவி சொல்லும்.

97இல் ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு குட்டையாகியிருக்கும். கண்ணாடித்தன்மை போய் மங்கலாக, தாள் இழைக்கு நடுவே சிக்கிய மணல்துகள் என்றே தோன்றும். அப்புறம் சாப்பாட்டு உப்பு டப்பாவுக்கு மாற்றி, அங்கிருந்து 33க்கு. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் கவலைப்பட எதுவும் இல்லை. பீப்பாயாகிவிட்டால் பிறகு அதன் பாடு.

எழுப்பும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். முதலாவது, காய்ந்த கரடி தண்ணீரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதக்கும், அப்படி மிதப்பது கீழே இறங்கவே இறங்காது. தாளைத் தண்ணீரில் போடாமல், தாளை அகார்மேல் வைத்து மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, உயிர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. செத்துப்போன கரடியும் தண்ணீரை உறிஞ்சி உப்பும், நீளும், அதன் கால்கூட வெளியே வரும். போதாக்குறைக்கு ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் உயிருள்ள கரடியும் விறைத்து நீண்டு அசையாமல் கிடக்கும். கவர்ஸ்லிப்புக்கு அடியில் நெடுநேரம் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். நான் நம்புவது உடம்புக்குள் மிதக்கும் சேமிப்பு செல்களை. கரடி துளி அசைந்தாலும் அந்த உருண்டைகள் உள்ளே இங்குமங்கும் சரியும். இன்று காலை அப்படித்தான் பார்த்தேன்: உடம்பு நீண்டு கிடந்தது, அசைவே இல்லை. திடீரென்று பின்பக்கத்து உருண்டைகள் முன்னால் நகர்ந்தன, மறுபடி பின்னால் போயின. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு பின்னங்கால் நகம் தாள் இழையைப் பற்றியது. கால் மணியில் எழுந்தவையும் உண்டு, ஒரு மணி நேரம் ஆக்கியவையும் உண்டு. மறுநாள் வரை பொறுத்து எண்ணுவதுதான் சரி. எழுந்து நடந்துவிட்டு அன்றே செத்தவையும் இருக்கின்றன.

வளர்ப்பு அனுப்பிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பி நல்ல நிலையில்தான் வந்தது. ஆனால் சுத்தமான வளர்ப்பு என்று சொன்னதில் ரோட்டிஃபர் என்ற வேறு நுண்பிராணிகளும் சேர்ந்தே வந்தன. கேட்டதற்குப் பதிலே இல்லை. தட்டுக்குத் தட்டு கரடிகளை மட்டும் பொறுக்கி மாற்றி, இப்போதுதான் அவை குறைந்திருக்கின்றன. ஆனால் பொறுக்கிய ரோட்டிஃபர்களைத் தூக்கிப் போடவில்லை. பாசியிலிருந்து எடுத்த மில்னேசியம் இரண்டு மூன்று தனித் தட்டில் இருக்கிறது. அது வேட்டையாடி, ரோட்டிஃபரும் நூற்புழுவும்தான் அதற்குத் தீனி. வாயைச் சுற்றி ஆறு இதழ் விரிந்து ரோட்டிஃபரை உறிஞ்சுவதைக் கரும்புல ஒளியில், அதாவது பின்னணி கறுப்பாகவும் பிராணி வெளிச்சமாகவும் தெரியும்படி, படம்பிடிக்க ஆசை. மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் வைக்கும் கறுப்பு வட்டத்தின் அளவு இன்னும் சரியாக அமையவில்லை. அது தனிப் பதிவு.

காயவைத்ததில் மிச்சமிருக்கும் தாள்கள் சின்ன உறைகளில் இருக்கின்றன, பாதி அலமாரியில், பாதி உறைபெட்டியில். அண்டார்டிகாவில் 1983இல் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் வைத்த பாசியிலிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து நீர்க்கரடியை எழுப்பி, அது முட்டையும் போட்டதாக 2016இல் ஜப்பானில் எழுதினார்கள். அவ்வளவு பேராசை எனக்கு இல்லை. உறைபெட்டியில் இருப்பது அலமாரியில் இருப்பதைவிடக் கூடுதலாக எழுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பு முட்டை. ஹிப்சிபியஸ் தன் முட்டைகளை உரித்த சட்டைக்குள்ளேயே விட்டுப் போகிறது அல்லவா, அந்தச் சட்டையோடு தாளில் வைத்துக் காயவைத்தால் குஞ்சு வருமா என்பதுதான் இப்போது மண்டையைக் குடையும் கேள்வி. 97 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே 94இலும் ஒன்று வைத்து ஒப்பிட வேண்டும், அதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் வேண்டும். ஆர்டர் போட்டிருக்கிறேன். தெர்மகோல் பெட்டியில் இரண்டாவது டப்பாவுக்கு இடமும் வெட்டியாகிவிட்டது.