பள்ளி விடுமுறையில் எண்ணிய வண்டிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நகரத் திட்டமிடல் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், ஆட்சேபக் கடிதங்களை வகை பிரிக்கும் வேலையைத்தான் என் தலையில் கட்டினார்கள். நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு காலிமனையில் நான்கு மாடி அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்டிருந்தோம். அதற்கு மனையில் அறிவிப்புப் பலகை வைத்து, அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் அனுப்பி, ஆட்சேபம் சொல்ல 30 நாள் விட வேண்டும். பலகை நட்டது நான்தான். படமெடுத்துக் கோப்பில் சேர்த்தேன், கடமை முடிந்தது. வேலியோர உண்ணிச்செடி கொஞ்ச நாளில் பலகையின் பாதியை மறைத்துவிட்டதைப் பிறகுதான் பார்த்தேன்.

இருந்தும் கடிதங்கள் குவிந்தன. எக்செல்லில் கட்டம் போட்டேன்: போக்குவரத்து, கழிவுநீர், வண்டி நிறுத்துமிடம், பகுதியின் தன்மை. கடைசிக் கட்டம்தான் சீக்கிரம் நிரம்பியது. 'எங்கள் பகுதியின் தன்மை கெடும்' என்று எழுதுகிறவர், வரப்போகிறவர் எந்த நிறம், என்ன சம்பளம் என்பதை எழுதமாட்டார். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளா இப்படி என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடே மற்றக் கடிதங்களையும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டேன். தப்பு அங்கேதான்.

மனைக்குக் கீழ்ச்சரிவில் குடியிருந்த ஓர் ஆயா பேத்தியை விட்டு எழுதிய கடிதத்தில் ஒரே வரி: 'வந்து எங்கள் முற்றத்தைப் பாருங்கள்.' போனேன். நான் திருச்சிக்காரன் என்றதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

முற்றத்து மூலையில் கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல் மூடி. அதன் மேல் ஒரு சிமென்ட் கல், அதற்கும் மேல் இரண்டு செங்கல். சுற்றிலும் மண் கறுத்திருந்தது, சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை.

"மழை புடிச்சா இது எகிறும் தம்பி. 2022 ஏப்ரல்ல கல்லையே தள்ளிடுச்சு."

அந்த ஏப்ரல் மழையில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. எங்கள் பொறியாளரிடம் கேட்டபோது விளக்கினார்: 1960-களில் வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் போட்டுப் பதித்த குழாய். இன்று கொல்லைக்குக் கொல்லை ஓர் அறை எடுத்து இன்னொரு குடும்பம் இருக்கிறது. போதாததற்குக் கூரைத் தண்ணீரையும் பலர் அதிலேயே திருப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் அறிக்கையிலோ 'இணைப்பு வசதி உள்ளது' என்பதோடு சரி.

ஆயா பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்கள். "இங்க வாழைத்தோட்டம் வெச்சிருந்தவங்க நம்ம ஆளுங்கதான். அவங்களக் கெளப்பிட்டுத்தான் எங்களக் கொண்டாந்து வெச்சாங்க. வேணாம்னோம், யார் கேட்டா?" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே, திட்டத்துக்கு எதிராக அடுத்து என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

"வூடு கட்ட வேணாம்னு நான் சொல்லல. என் பேத்தி புருஷன் புள்ளையோட பின்னால ஒத்த ரூம்ல கெடக்குறா. அவளுக்கும்தான் வூடு வேணும். மொதல்ல கொழாயப் பெருசாக்கு."

கிளம்பும்போது அவரே கேட்டார்: "வண்டி எண்ண ரெண்டு பையனுங்க வந்தாங்களே, அப்ப பள்ளிக்கூடம் லீவாச்சே?"

அலுவலகம் திரும்பித் தேதியைப் பார்த்தேன். ஜூலை விடுமுறையின் நட்டநடு வாரம். நெரிசல் நேரத்தில் 50 பயணங்களுக்கு மேல் கூடுமென்றால் போக்குவரத்து ஆய்வு வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. ஆய்வு செய்தோம்தான், ஆனால் பிள்ளைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது! மேலாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கட்டுநரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் மறுபடி எண்ணினோம். நானும் போனேன். காலை ஆறரைக்கே மினிபஸ் டாக்சிகள் ஹாரனோடு வந்துவிட்டன. ஏழுக்கு மேல் பள்ளி வேன்களும் கார்களும் ஆயா வீட்டு வாசல்வரை நின்றன. ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பையை நீட்டினார். ஒரு கையில் எண்ணும் கருவி, மறு கையில் கோப்பை. பத்துப் பன்னிரண்டு வண்டிகளை விட்டிருப்பேன்.